இடைவெளி விடவும்

வண்டிப் பதிவு
இடம்: டைட்டன் (சனிக்கோளின் நிலா), வடகரைச் சாலை
வண்டி: குட்டியானை. அதிகாரபூர்வ எண் ஒன்று உண்டு, நான் எப்போதும் மறந்துவிடுவேன்.
பதிபவர்: பாவாயி, காற்றியல் பிரிவு, மாம்பாறை நிலையம்

06:40 | ஏழாம் கம்பம் | வழக்கமான பதிவு

மேற்கிலிருந்து மெல்லிய காற்று. அழுத்தம் பூமியில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எண்பது டிகிரி. வானம் நேற்று வைத்த சாம்பாரின் நிறத்தில் இருக்கிறது. மழை இல்லை.

கம்பத்தின் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் காற்றாடி சுற்றாமல் சிக்கிக்கொண்டிருந்தது. ஏறிச் சுரண்டிச் சரிசெய்தேன். இங்கே என் எடை பூமியில் இருந்ததில் ஏழில் ஒரு பங்குதான். ஏறுவது சுலபம், விழுந்தாலும் அவமானத்தைத் தவிர பெரிய சேதமில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மாலைக்குள் நிலையம் போய்ச் சேரலாம்.

ஒரு புகார். நேற்று வரும் வழியில், நிலையத்துக்கு இந்தப் பக்கம், கம்பெனி டேங்கர் ஒன்று சக்கரம் கழன்று சாலையை அடைத்து நின்றிருந்தது. பட்டறைத் தலைவர் செங்கோடனும் அவருடைய கூட்டாளி மாரியும் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தார்கள். டேங்கருக்குப் பின்னால் சாலையின் குறுக்கே பனிப்பாறைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சேலம் சாலையில் லாரி நின்றுபோனால் பின்னால் கல்லும் மரக்கிளையும் வைப்பார்களே, அதே வேலை. கோடிக்கணக்கான மைல் தாண்டி வந்தும் பழக்கம் விடவில்லை. இங்கே ஓடுவதெல்லாம் ஓட்டுநர் இல்லாத டேங்கர்கள். முன்னால் கல்லைக் கண்டால் நங்கூரம் இறக்கி நின்றுவிடும், யாராவது வந்து எடுக்கும்வரை நகராது. குட்டியானை நுழைய ஒரு கல்லை நகர்த்தி வழிவிட்டபோது இதை அவரிடம் சொன்னேன். "கல்லு வெக்காம ஜாக்கி போட்டா எனக்குக் கை ஓடாதுங் அம்மிணி" என்றார்.

வேலை முடிந்ததாக இன்று காலை வயர்லெஸ்ஸில் சொன்னார். கல்லை எடுத்தீர்களா என்று கேட்டேன். "எல்லாம் எடுத்தாச்சுங்" என்றார். நல்லது.

08:20 | ஏழாம் கம்பம் | பழுது

குட்டியானை கிளம்பவில்லை.

பேட்டரிப் பெட்டியின் காப்புறையில் கையகலக் கிழிசல். நான் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் குளிர் உள்ளே புகுந்து பாதி செல்களைக் கொன்றிருக்கிறது. கிழிசலை ஒட்டினேன். செத்த செல்கள் பிழைக்கப் போவதில்லை. மீதமிருப்பதைச் சூடேற்றி எழுப்பியாகிவிட்டது.

இருக்கும் மின்சாரத்தில் நிலையத்துக்குப் பாதி தூரம் போகலாம். மூச்சுக் காற்று இரண்டு நாளைக்கு வரும். அதற்குள் சூட்டுக்கருவி நின்றுவிட்டால் காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

நிலையத்தைக் கூப்பிட்டிருக்கிறேன்.

09:10 | ஏழாம் கம்பம் | நிலையத்தின் பதில்

எங்கள் காற்றியல் பிரிவில் இங்கே நான் ஒருத்தி, வண்டி ஒன்று. மீட்பு வண்டி, சாலை, கேட், டேங்கர் எல்லாம் வடகரைத் திரவக் கம்பெனியுடையவை. ஏரியிலிருந்து ஈத்தேனை ராக்கெட் மேடைக்குக் கொண்டுபோவது அவர்கள் தொழில். அவர்களுடைய கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் இளம்பரிதி என்ற இளைஞர். குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"மேடம், உங்க ரிக்வெஸ்ட் பதிவாயிடுச்சு. மீட்பு வண்டி டேங்கர் வேலைக்கு மட்டும்தான். ஆளுங்களுக்கு அனுப்பணும்னா பூமியில இருந்து அப்ரூவல் வரணும். ஒன்பது நாள் ஆகும். அதுவரைக்கும் இருக்கற இடத்துலயே பொறுமையா இருங்க."

"தம்பி, எனக்கு ரெண்டு நாளைக்குத்தான் மூச்சு இருக்கு. ஏழு நாள் மூச்சு விடாம இருக்கறது எப்படின்னு அந்த அப்ரூவலோட சேர்த்து அனுப்பச் சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். குறுக்கே செங்கோடன் குரல் கேட்டது. பட்டறையிலிருந்து அதே அலைவரிசையில் பேசினார்.

"அம்மிணி, நான் இப்பவே கெளம்பி வந்துருவேன். கேட்டுச் சாவி இவங்க கையில இருக்குதுங்க. தொறக்க மாட்டீங்கறாங்க."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பதிவுக் கருவி சூடாகிவிடும். அந்தச் சூட்டையாவது மிச்சம் பிடிக்கலாம்.

09:50 | ஏழாம் கம்பம் | முடிவு

சக்கரம் கழன்ற டேங்கரால் சாலை நேற்றிலிருந்து மூடியிருந்தது. இன்றைய முதல் டேங்கர் ஏரியிலிருந்து கிளம்பிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் இந்தக் கம்பத்தைக் கடந்து நிலையத்துக்குப் போகும். நான் அதன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

ஏன் என்பதை எழுதிவைக்கிறேன். டைட்டனில் காற்று பூமியைவிட நான்கு மடங்குக்கு மேல் கனம். வண்டி செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. டேங்கர் ஒரு வீட்டளவு அகலம். அது காற்றைப் பிளந்துகொண்டு போகும்போது பின்னால் ஒரு நிழல் விழும், வெயிலின் நிழல் அல்ல, காற்றின் நிழல். அதற்குள் இருக்கிறவனுக்கு எதிர்காற்று அநேகமாக இல்லை. ஓடும் செலவு பாதியாகும். காற்று மோதாததால் வண்டியின் சூடும் அவ்வளவு வேகமாகப் போகாது. பாதி தூரத்துக்கான மின்சாரம் முழுத் தூரத்துக்கும் வரும். மிச்சமெல்லாம் இருக்காது, வரும்.

பூமியில் இதைப் படிக்கிறவர்கள் லாரிக்குப் பின்னால் முயன்று பார்க்க வேண்டாம். அங்கே காற்று மெலிது. கிடைப்பது கைப்பிடி டீசல், போவது தலை.

இங்கேயும் தலை போகலாம். டேங்கரின் பின்கண் நூறு மீட்டர்வரை பார்க்கும். அந்தத் தூரத்துக்குள் ஒரு வண்டியைக் கண்டால் விபத்து வரக்கூடாதென்று அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்தக் கண்ணுக்கு வாலுக்கு மிக அருகில், ஒரு பத்துப் பன்னிரண்டு மீட்டர், தெரியாது. அந்தக் குருட்டு இடத்தில்தான் காற்றின் நிழலும் நன்றாக விழுகிறது. ஆக, அது என்னைப் பார்க்காத இடத்தில் இருக்க வேண்டும். பார்க்காததால் எனக்காக எதுவும் செய்யாது.

அது நங்கூர முட்களைப் பனியில் இறக்கினால் இருபது மீட்டரில் நிற்கும். என்னிடம் சக்கரமும் பிரேக்கும்தான். எடை குறைந்த இடத்தில் சக்கரம் தரையைப் பிடிக்காது. நான் நிற்க எண்பது மீட்டராவது வேண்டும். அது நின்றால் நான் அதன் மேல் போய்த்தான் நிற்பேன்.

மயிரைக் கட்டி மலையை இழுக்கிறேன். வந்தால் மலை.

10:35 | சாலை | உள்ளே நுழைந்தேன்

இனிமேல் கை ஸ்டீயரிங்கில். சொல்லச் சொல்லக் கருவி எழுதும். தவறிருந்தால் அதன் தலையில் போடுங்கள்.

கம்பத்தருகே சாலை வளைகிறது. டேங்கர் அங்கே கொஞ்சம் வேகம் குறைக்கும். பக்கவாட்டில் காத்திருந்து, அதன் கடைசிச் சக்கரம் தாண்டியதும் உள்ளே திரும்பினேன். ஒரு நொடி கனத்த காற்று குட்டியானையைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளியது, பிறகு சட்டென்று எல்லாம் அடங்கியது. மழையில் நனைந்துகொண்டு வந்து வீட்டுக் கதவைச் சாத்தினதுபோல் இருந்தது.

பின்கண் என்னைப் பார்க்கவில்லை. டேங்கர் நிற்கவில்லை. மின்செலவு மீட்டரின் முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. கத்திவிட்டேன். கருவி அதை "ஹே" என்று எழுதியிருக்கிறது. சரி, இருக்கட்டும்.

12:00 | சாலை | கவனித்தவை

எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு டேங்கரின் பின்புறம். செங்கோடன் கூட்டம் அதில் பெயிண்ட் அடித்திருக்கிறது. மேலே "பொறுத்தார் பூமி ஆள்வார்". கீழே இரண்டு பக்கமும் "சவுண்ட் ஹாரன்". நடுவில், பம்பருக்குச் சற்று மேலே, பெரிய மஞ்சள் எழுத்தில் "இடைவெளி விடவும்". இதற்கு முன்னால் இந்தச் சாலையில் இதைப் படிக்க யாரும் இருந்ததில்லை. முதல் வாசகி நான்தான்.

பொறுத்தவர்கள் பூமியை ஆளட்டும். எனக்கு ஒரு வெந்நீர் பாட்டிலும் தூங்க இடமும் போதும், நான் பொறுக்கப் போவதில்லை.

ஆபத்துகள். ஒன்று, முன்னால் எதுவும் தெரியவில்லை. மேடு, பள்ளம், வளைவு எல்லாமே டேங்கரின் முதுகு அசைவதை வைத்து ஊகம். அடுத்தது கல். டேங்கரின் சக்கர ஆணிகள் பனியைப் பெயர்த்துப் பின்னால் எறிகின்றன. எடை குறைவு என்பதால் சில்லுகள் சாவகாசமாக மிதந்து வந்து கண்ணாடியில் அடிக்கின்றன. இடது ஓரத்தில் ஒரு கீறல். நிழலின் விளிம்பு நேராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வால் ஆடும்போது காற்றும் ஆடுகிறது. கொஞ்சம் விலகினாலும் பக்கத்திலிருந்து அடிக்கிறது. தோள் இறுகிவிட்டது.

இதையெல்லாம்விட மோசமானது வசதி. முன்னால் ஒருவன் அடி வாங்கிக்கொள்ளும்போது பின்னால் வருகிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டு முறை கண் சொருகியது. பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறேன். குரலைப் பற்றிக் கருத்துச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

செலவு பாதிக்கும் குறைவு. என் கணக்கு சரி. காற்றியல் பிரிவின் கோப்பில் இதைச் சேர்க்கவும், என்னைத் திட்டிவிட்டுச் சேர்த்தாலும் பரவாயில்லை.

13:20 | சாலை | கண்டுபிடித்துவிட்டார்கள்

கம்பெனி திரையில் என் வண்டியின் புள்ளியும் டேங்கரின் புள்ளியும் ஒன்றாகிவிட்டதை இளம்பரிதி பார்த்துவிட்டார்.

"மேடம், நீங்க டேங்கர் பின்னாடி இருக்கீங்களா? ப்ளீஸ், அது விதிமீறல். உடனே விலகுங்க."

"பின்னால விலகினா உங்க டேங்கரோட கண்ணு என்னைப் பார்க்கும். பார்த்தா நங்கூரம் போடும். நான் போய் மோதுவேன். பக்கத்துல விலகினா ரோட்டோரம் பொதை மணல், இறங்கினா ஏற முடியாது. எந்தப் பக்கம் போகட்டும்னு சொல்லுங்க தம்பி."

"டேங்கரை மெதுவா ஓட்டச் சொல்ல எனக்கு ஆப்ஷன் இல்ல மேடம். ஓடு, நில்லு, ரெண்டே கட்டளைதான். மேல இருந்து நிறுத்தச் சொல்றாங்க."

"நிறுத்துங்க. நிறுத்தினா டேங்கரோட பின்பக்கத்தைக் கழுவத் தண்ணி கொண்டு வாங்க. கையெழுத்து யாரோடதுன்னு மட்டும் இந்தப் பதிவுல சொல்லிடுங்க, நான் பேரை எழுதிக்கிறேன்."

அவர் மெல்லிய குரலில் "நான் நிறுத்தல மேடம்" என்றார். அதற்கு நன்றி சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது இன்னும் சத்தமாகப் பாடுகிறேன். பயத்தில் இல்லை, அல்லது பயத்தில் மட்டும் இல்லை.

15:05 | சாலை | நல்ல செய்தி

பேட்டரி மீட்டரின் முள் இறங்குவது நான் போட்ட கணக்கின்படியே இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போனால் நிலையத்தின் விளக்கு தெரியும். இறங்கியதும் செங்கோடனிடம் டீ கேட்கப் போகிறேன். பட்டறையில் அவர் போடும் டீயில் எண்ணெய் வாசனை அடிக்கும். அதைத்தான் கேட்பேன்.

15:20 | சாலை | செங்கோடனிடமிருந்து

"அம்மிணி. அம்மிணி, கேக்குதுங்களா? அந்தக் கல்லு... நேத்து வெச்ச கல்லு அங்கயேதான் இருக்குதுங்க. மாரி எடுத்துட்டான்னு நான் நெனச்சேன். நான் எடுத்துட்டேன்னு அவன் நெனச்சிருக்கறான். இப்பத்தான் டீ குடிக்கறப்போ பேச்சு வந்துச்சு. தப்புப் பண்ணிப்போட்டனுங்க அம்மிணி."

குரல் உடைந்திருந்தது. எங்கே என்று கேட்டேன். சாலைக்கல் முப்பத்தைந்து என்றார், அதாவது நிலையத்திலிருந்து முப்பத்தைந்தாவது கிலோமீட்டர். சற்று முன்பு நாற்பதைக் கடந்தேன்.

அதாவது ஏழெட்டு நிமிடம். டேங்கரின் முன்கண் கல்லைப் பார்க்கும், நங்கூரம் இறங்கும், அது நிற்கும். எட்டு மீட்டர் பின்னால் நான்.

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த மனிதர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. திட்டவில்லை. "அண்ணா, வயர்லெஸ்ஸை விட்டுப் போயிடாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

யோசிக்கிறேன். சத்தமாக யோசிக்கிறேன், கருவி எழுதிக்கொள்ளட்டும். பின்னால் போனால் பார்த்துவிடும். பார்த்தால் நிற்கும், பன்னிரண்டு மீட்டரில் மோதுவேன். பக்கத்தில் போனால் மணல். மெதுவாகச் சாவதற்கு அது நல்ல இடம். இப்படியே இருந்தால் எட்டு மீட்டரில் மோதுவேன்.

மோதல் ஏன் கொல்லும்? அது நின்றபிறகும் நான் ஓடிக்கொண்டிருப்பதால். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் வேக வித்தியாசம் வளர்வதால். தூரம் இருந்தால்தானே வளரும்?

தூரமே இல்லாவிட்டால்.

15:24 | சாலை | இடைவெளி இல்லை

செங்கோடனிடம் சொன்னேன். "அம்மிணி, அதை ஒட்டிட்டா அது உங்களையும் சேர்த்து இழுத்து நிறுத்துமுங்க. ஒட்டுங்க. மூக்குல ஸ்டெப்னி இருக்குதில்லீங், அது தாங்கும்" என்றார். குட்டியானையின் மூக்கில் உதிரிச் சக்கரம் மாட்டியிருக்கிறது. மறந்தே போயிருந்தேன்.

இளம்பரிதி குறுக்கே கத்துகிறார். "மேடம், வேண்டாம், வேண்டாம்." வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டேன்.

ஆறு மீட்டர். மஞ்சள் எழுத்து கண்ணாடி முழுக்க நிறைகிறது. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் பிரேக்கை மிதி என்கிறது. படித்த படிப்பு மிதிக்காதே என்கிறது. இன்றைக்கு நான் படிப்பின் பக்கம்.

நான்கு. வால் காற்று உள்ளே இழுக்கிறது. அதுவும் வா என்கிறது போலும்.

இரண்டு. "இடைவெளி" மட்டும் தெரிகிறது. "விடவும்" மறைந்துவிட்டது.

தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன முழம் என்ன.

தொட்டுவிட்டேன். லேசாக ஒரு தட்டு. மூக்கு பம்பரில் அழுந்தியிருக்கிறது. மோட்டாரைக் கொடுத்து அப்படியே தள்ளிப் பிடிக்கிறேன். நானும் டேங்கரும் இப்போது ஒரே வண்டி. அது அதற்குத் தெரியாது.

வா. போடு உன் நங்கூ

15:41 | சாலைக்கல் முப்பத்தைந்து | உயிரோடு

உயிரோடு இருக்கிறேன்.

நங்கூரம் இறங்கிய சத்தம் வண்டிக்குள் எலும்பு வரைக்கும் கேட்டது. நான் மோதவில்லை. அழுந்தினேன். பின்சக்கரங்கள் இரண்டும் மேலே எழும்பி ஒரு கணம் நின்று, பிறகு தடால் என்று விழுந்தன. ஸ்டெப்னி அப்பளமாகிவிட்டது. என் நெற்றி ஸ்டீயரிங்கில் பட்டுப் புடைத்திருக்கிறது. ரத்தம் கொஞ்சம்தான்.

வயர்லெஸ்ஸை மறுபடி போட்டுச் செங்கோடனிடம் சொன்னேன். அவர் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "டீ வெக்கட்டுங்களா" என்றார்.

இனிக் கெட்ட செய்தி. சக்கரம் சுற்றவில்லை. அச்சு முறிந்திருக்க வேண்டும். சூட்டுக் குழாய் ஒன்று வெடித்து, உள்ளே குளிர் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெளியே போகும்போது போடும் காப்புடுப்பைப் போட்டுக்கொண்டேன். உடுப்பின் பேட்டரியும் வண்டியின் மிச்சமும் சேர்த்து இரண்டு மணி நேரம் தாங்கலாம்.

15:55 | அதே இடம் | கம்பெனியின் யோசனை

"மேடம், நீங்க சேஃப்னு தெரிஞ்சு ரொம்ப சந்தோஷம். மேல இருந்து ஒரு வேண்டுகோள். டேங்கர் முன்னாடி கிடக்கற கல்லை மட்டும் நீங்க எடுத்துட்டீங்கன்னா டேங்கர் கிளம்பிடும். ராக்கெட் காத்திட்டிருக்கு. அப்புறம் உங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்றோம்னு சொல்றாங்க."

"அப்புறம்னா எப்போ?"

"அப்ரூவல் வந்ததும்."

"தம்பி, உங்க மீட்பு வண்டி எதுக்கெல்லாம் வெளிய வரும்னு காலையில சொன்னீங்க?"

"டேங்கர் வேலைக்கு... டேங்கர் நின்னுபோனா வரும் மேடம்."

"நின்னுபோச்சு."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. எனக்கும் அதைச் சொல்லிய பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

16:30 | அதே இடம் | மறியல்

எங்கள் ஊரில் தண்ணீர் வராவிட்டால் முதலில் மனுக் கொடுப்போம். மனுவைக் குடிக்க முடியாது. பிறகு பெண்களெல்லாம் காலிக்குடத்தோடு சாலையில் உட்காருவோம். ஒரு பஸ் நிற்கும், அதன் பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் கலெக்டர் ஆபீஸ் கார். அரைமணியில் ஜீப் வந்துவிடும், சாயங்காலம் தண்ணீரும் வந்துவிடும். அழுகிற பிள்ளைக்குத்தான் பால்.

வெளியே போனேன். டேங்கருக்கு முன்னால் செங்கோடன் மறந்த கற்கள் வரிசையாக, அழகாக, பல் வரிசைபோல் இருந்தன. எடுக்கவில்லை. ஓரத்திலிருந்து இன்னும் பெரியவற்றை உருட்டி வந்து இரண்டாவது வரிசை வைத்தேன். இங்கே ஆளுயரப் பாறையை ஒரு பூசணிக்காயைப்போல நகர்த்தலாம். பிறகு பின்பக்கம் வந்து, குட்டியானைக்குப் பின்னாலும் சாலையின் குறுக்கே அடுக்கினேன். அடுத்த டேங்கர் வருகிறது. அதுவும் நிற்கட்டும். நேற்று இந்த வேலையைக் கிண்டல் செய்தவள் நான்தான். கல் வைக்காமல் எனக்கும் இன்று கை ஓடவில்லை.

கம்பெனியில் வேறு யாரோ பேசினார். தடித்த குரல், பெயர் சொல்லவில்லை. "நீங்கள் கம்பெனிச் சொத்துக்கு இடையூறு செய்கிறீர்கள். உடனே கற்களை அகற்றுங்கள்."

"மாட்டேன். டைட்டனில் இது முதல் சாலை மறியல். கோரிக்கை ஒன்றே ஒன்று. எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்கு வண்டி அனுப்ப வேண்டும். அப்ரூவல் இல்லாமல். எனக்கு மட்டுமல்ல, இந்தச் சாலையில் யார் மாட்டினாலும்."

விரல் நுனிகள் மரத்துவிட்டன. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலமாகிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

17:05 | அதே இடம் | கேட்

இளம்பரிதி. குரல் தாழ்ந்து, வேகமாக, யாருக்கோ தெரியாமல் பேசுகிறவர்போல.

"மேடம், கேட்டைத் திறந்துட்டேன். யாரையும் கேக்கல. செங்கோடன் அண்ணன் கிளம்பிட்டாரு."

"தம்பி, உங்களுக்கு வேலை போகுமே."

"போகட்டும் மேடம். நாளைக்கு நானும் அந்த ரோட்ல போவேன்ல."

அதற்குப் பிறகு செங்கோடன், இரைச்சலுக்கு நடுவில். மீட்பு வண்டி மெதுவான வண்டி, அவர் அதை மாட்டைப்போல் தார்க்குச்சி போட்டு ஓட்டுகிற சத்தம்.

"வந்துட்டே இருக்கறனுங்க அம்மிணி. கண்ணை மட்டும் மூடிறாதீங்க. வந்து கதவுல ரெண்டு தட்டுத் தட்டறேன். நீங்களும் உள்ளிருந்து ரெண்டு தட்டுங்க. போலாம் ரைட்டு."

18:10 | சாலைக்கல் முப்பத்தைந்து

வண்டி பேட்டரி தீர்ந்தது. வயர்லெஸ் போய்விட்டது. உடுப்பில் சிவப்பு விளக்கு. இந்தக் கருவியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

பின்பக்கம் வெளிச்சம். அடுத்த டேங்கர். நின்றுவிட்டது. என் கல்லைப் பார்த்து நின்றுவிட்டது. நல்ல பிள்ளை.

முன்பக்கம் இன்னும் வெளிச்சம் இல்லை. டேங்கர் மறைக்கிறது. அவர் வந்தாலும் எனக்குத் தெரியாது. பின்னால் ஒட்டி வருகிறவளுக்கு முன்னால் தெரியாது என்று எழுதியிருந்தேனே.

மூச்சு கண்ணாடிக்குள் உறைகிறது. உதடு சரியாக வரவில்லை. கருவி தவறாக எழுதினால்

எழுதட்டும்.

செங்கோடண்ணா, அல்லது வேறு யாராக இருந்தாலும். முதலில் கதவைத் தட்டுங்கள். இரண்டு தட்டு. டேங்கர் எவ்வளவு அவசரமென்று யார் சொன்னாலும் முதலில் கதவு.

நான் இரண்டு தட்டுத் திருப்பித் தட்டினால், டீ கொடுங்கள். பிறகு சேர்ந்து கல்லை எடுப்போம். ஒன்று விடாமல் எடுப்போம், இந்த முறை நானே எண்ணிப் பார்ப்பேன்.

தட்டாவிட்டால், என்னைக் கொண்டுபோங்கள்.

கல் அங்கேயே இருக்கட்டும்.